குழி எண் பதினேழு

காலை எட்டு மணிக்குத் தோண்டத் தொடங்கினோம்.
கடப்பாரைக்குப் புல் வழிவிடவில்லை.
ஒரு சாண் ஆழம் வரை மண்ணே இல்லை, வேர்தான்.
வேருக்கும் வேருக்கும் நடுவே
கொஞ்சம் இருட்டு,
அதைத்தான் மண் என்று எழுதிக்கொண்டோம்.

படிவம் கேட்கிறது, நான் சொல்கிறேன்.
இடம்: லெசோத்தோ, மொகொட்லோங்குக்கு மேலே, கிழக்குச் சரிவு.
உயரம்: இரண்டாயிரத்து எண்ணூறு மீட்டர்.
தாய்ப்பாறை: பசால்ட்.
நிலப்பயன்: மேய்ச்சல்.
மேய்ப்பவர் பெயருக்குக் கட்டம் கிடையாது.

அவர் பெயர் மொகெதி.
கம்பளியைத் தோளில் ஊக்கால் குத்தி
முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு
விளிம்பில் வந்து நின்றார்.
"யாருக்கு?" என்றார்.

"யாருக்கும் இல்லை, ந்தாத்தே. பார்க்கத்தான்."
"பார்த்துவிட்டு மூடிவிடுவீர்களா?"
"சாயங்காலத்துக்குள்."
அவருடைய நாய் மட்டும் நம்பவில்லை.

முதல் அடுக்கு, நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
காய்ந்தால் பழுப்பு, நனைந்தால் கருப்பு.
பிடித்தால் பிடிபடும்
விட்டால் மணி மணியாக உதிரும்.
எச்சில் துப்பிப் பிசைந்து
கட்டைவிரலால் நாடா இழுத்தேன்,
இரண்டு விரற்கடை போகுமுன் அறுந்தது.
களி உண்டு, களியின் பிடிவாதம் இல்லை.
அமிலம் ஒரு சொட்டு விட்டேன், நுரை இல்லை.
மண்புழு மூன்று.
பனி எலியின் வளை ஒன்று, குறுக்கே வெட்டுப்பட்டு,
உள்ளே யாரோ விரித்த புல்மெத்தை கலையாமல்.

அடுத்த அடுக்கு செம்பழுப்பு.
அதற்கும் கீழே கல், கல்லாக இருக்க அலுத்துப்போன கல்,
நகத்தால் கீறினால் பொடியாகும்.

துருப்புள்ளி தேடினேன்.
நீர் தேங்கி நின்ற மண் அதை மறைக்காது.
சாம்பலும் சிவப்புமாய் எங்காவது தழும்பு இருக்கும்.
லாந்தர் பிடித்து, மண்டியிட்டு,
நான்கு சுவரும் பார்த்தேன்.
ஒரு மீட்டர் வரை
ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது மண்.

மொகெதி கேட்காமல் இறங்கினார்.
எல்லையைத் தாண்டித் தங்கச் சுரங்கத்தில்
பதினோரு வருஷம் இருந்தவராம்.
சுவரில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், முகர்ந்தார்.
பிறகு பழக்கத்தில்
தலைக்கு மேலே கை நீட்டிக் கூரையைத் தட்டினார்.
அங்கே மேகம்தான் இருந்தது.

மதியம் ஆலங்கட்டி, அதன் பின்னால் மழை.
அவருடைய கற்குடிசையில் ஒதுங்கினோம்.
சாண நெருப்பு கண்ணைக் கரித்தது.
"அங்கே கீழே," என்றார், "தண்ணீருக்குப் போக வழி இல்லை.
அது எங்கள் வழியை எடுத்துக்கொண்டது."
எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை.
படிவம் மடியில் இருந்தது,
அதிலும் அந்தக் கேள்வி இல்லை.

மழை ஓய்ந்ததும் எனக்கு முன்னால் அவர் நடந்தார்.
குழியின் அடியில் நீர் நிற்கவில்லை.
ஒரு மினுமினுப்பு,
பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் போனது.
"எங்கே?"
சரிவின் கீழே கைகாட்டினேன்.
நாணல் நிற்கும் ஊற்றுக்கண்,
அவருடைய ஆடுகள் குடிக்கும் இடம்.
"அவ்வளவு தூரமா?"
"நாளாகும். ஆனால் போய்விடும்."

வடிகால் தன்மை: நன்கு வடியும்.
வட்டம் போட்டேன்.
வடியும் என்றால் வறளும் என்று வாசிப்பார்கள் மாசேருவில்.
விளிம்பில் எழுத இடம் இருந்தது, எழுதினேன்:
கருப்பு அடுக்கில் கை வைத்தால்
இப்போதும் குளிர்கிறது.

கல்லுக்கு மேல் சிவப்பு, சிவப்புக்கு மேல் கருப்பு,
கடைசியில் சதுரமாய் வெட்டி வைத்த புல்தரை.
மூடினோம்.
ஒரு மண்வெட்டி மண் மிஞ்சியது.

"அடக்கம் செய்தாலும் மிஞ்சும்," என்றார்.
"அங்கே உள்ளே ஆள் இருக்கிறான். இங்கே?"
"காற்று புகுந்துவிட்டது, ந்தாத்தே."

யோசித்தார்.
புல்லின் மேல் ஏறி நின்று
இரண்டு பூட்ஸாலும் மெதுவாக மிதித்தார்,
கொஞ்ச நேரம், தேவைக்கு மேலேயும்.
ஆடுகள் அதற்குள் கடந்துகொண்டிருந்தன,
ஒன்று அந்தச் சதுரத்தில் நின்று
மேயத் தொடங்கியது.